பத்தொன்பது புள்ளி இரண்டு

முன்சில்லைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு
டிஸ்க்கின் ஓரத்தில் விரல் வைத்தார் தம்மிக்க.
"பாருங்க மிஸ், கரை கட்டியிருக்கு."
சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு போல ஒரு வரம்பு,
உள்ளே வட்டம் வட்டமாய்க் கீறல்.
ஏழு வருடம் நான் மிதித்த மிதியெல்லாம்
இங்கேதான் போயிருக்கிறது.

வேர்னியர் வைத்து அளந்தார்:
பத்தொன்பது புள்ளி இரண்டு.
இருபதுக்குக் கீழே போகக் கூடாதென்று
டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது.
நான் லோன் பத்திரத்தைத்தான்
வரிவரியாய் வாசித்தவள்.

தோஹாவிலிருந்து சுகிர்தனின் குரல்,
பின்னால் கிரேன் இரைச்சல்:
"லேத்தில குடுத்து உரசிப் போடச் சொல்லும்.
மூவாயிரத்தோட முடியும்."
தம்மிக்கவுக்குப் போட்டுக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ரெண்டு தரம் உரசியாச்சு.
இனி உரச இரும்பு இல்ல, மிஸ்."

பஞ்சிகாவத்தை வெயிலில்
பிடுங்கிய கண்கள் மாதிரி ஹெட்லைட் வரிசை.
ஃபாயிஸ் நானா கல்குலேட்டரைத் தொடவேயில்லை.
"சைனா புதுசு இருபத்தேழரை.
ஜப்பான் கழட்டின சாமான் நாப்பத்தொண்டு.
கொம்பனிச் சாமான் வேணுமெண்டா அறுபத்திநாலு,
அதுவும் அடுத்த கிழமைதான்."
பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"பிள்ளைகள் போற வாகனமா?"

இது வியாபாரிக் கேள்வி, தெரியும்.
தெரிந்தும் சைனாப் பெட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

போன செவ்வாய், பம்பலப்பிட்டிச் சந்தி, மழை.
மிதிக்க ஸ்டியரிங் கிடந்து நடுங்கியது.
நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி
மஞ்சள் கோட்டுக்குள் கார் வழுக்கிக்கொண்டே போனது.
குடையோடு ஒரு பள்ளிக்கூடப் பையன்.
அவன் முழங்காலுக்கும் பம்பருக்கும் இடையில்
ஒரு சாண் இருந்திருக்கும்.
அவன் பயப்படக்கூட இல்லை.
மாட்டைத் தட்டுவது போல
பொனெட்டை ஒருமுறை தட்டிவிட்டுக் கடந்தான்.
பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை.
பின்னால் 100ஆம் நம்பர் பஸ் கத்திக்கொண்டு நின்றது.
இதை நான் சுகிர்தனுக்குச் சொல்லவில்லை.

ஜப்பான் சோடி முப்பத்தொன்பதரைக்கு வந்தது.
பேட் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு,
ஒயில் ஆயிரத்துத் தொள்ளாயிரம், கூலி ஐயாயிரம்.
ஆகமொத்தம் ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூறு.
சீட்டுக் காசு அது.
புது பிரிட்ஜுக்கென்று பிடித்த சீட்டு.
இன்னும் ஒரு வருடத்துக்கு
பழைய பிரிட்ஜின் கதவுக்கு றப்பர் பட்டிதான்.

பழைய டிஸ்க் இரண்டையும்
பேப்பரில் சுற்றித் தந்தார் தம்மிக்க.
இரும்புக்காரன் நிறுத்தான்: ஒன்பது கிலோ, தொள்ளாயிரம் ரூபா.
அந்தக் காசில் ஆரபிக்கு
ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி ஐஸ்கிரீம் வாங்கினேன்.
வாங்கிய பிறகுதான்
பிரிட்ஜ் நினைவு வந்தது.

ஹம்டன் ஒழுங்கை முனையில் என் பிரேக் கீச்சிட்டால்
செபமாலை கேட்டைத் திறந்துவிடுவார்.
இந்த பிளட்டுக்கு வந்த நாளிலிருந்து
நான் ஹோர்ன் அடித்ததே இல்லை.
மூன்றாம் மாடியில் ஆரபி ரீவியை நிறுத்திவிட்டுக்
கணக்குக் கொப்பியை விரிப்பதும்
அந்தக் கீச்சுக்குத்தான் என்று
இன்றைக்குத்தான் விளங்கியது.

முனையில் மிதித்தேன். கார் நின்றது.
ஒரு சத்தமில்லை. நடுக்கமில்லை.
ஸ்டியரிங் என் கைக்குள்
வேறு யாருடையதோ போல இருந்தது.

கேட் மூடிக் கிடந்தது.
செபமாலையின் ரேடியோவில் கிரிக்கெட்.
மேலே ஜன்னலில்
நீலமாய்த் துள்ளியது ரீவி வெளிச்சம்.
பக்கத்து சீற்றில் ஐஸ்கிரீம்
வியர்க்கத் தொடங்கிவிட்டது.

சிக்னல் டிக் டிக் என்று அடிக்க
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
பிறகுதான் கை
ஹோர்ன் எங்கே என்று தேடியது.